வைஃபை கார்டு இணைய மறுத்தால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

"வைஃபை வரல" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் நான்கு தனித்தனிப் பழுதுகள் இருக்கலாம். கார்டே லேப்டாப்புக்குத் தெரியாமல் போயிருக்கலாம். கார்டு இருந்தும் நெட்வொர்க் பட்டியல் வராமல் இருக்கலாம். பட்டியல் வந்தும் பாஸ்வேர்டை ஏற்காமல் இருக்கலாம். எல்லாம் சரியாக இணைந்தும் இணையம் ஓடாமல் இருக்கலாம். நான்குக்கும் வைத்தியம் வேறு.

கல்லூரிக் கணினி லேபில் என் மேஜைக்கு வரும் லேப்டாப்புகள் பலவற்றில், பழுதைவிடப் பழுது நீக்கப் போனவர் செய்த சேதம்தான் பெரிதாக இருக்கும். டிரைவரை (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அழித்திருப்பார்கள், விண்டோஸை அடியோடு மாற்றிப் போட்டிருப்பார்கள். கடைசியில் பார்த்தால் ரூட்டர் பக்கம் ஒரு சின்னக் கோளாறாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். முதலில் எதையும் மாற்றாத சோதனைகள், பிறகு மாற்றினாலும் திரும்ப வைக்கக்கூடியவை, கடைசியில் திரும்ப வைக்க முடியாதவை.

விண்டோஸ் 10, 11 ஓடும் லேப்டாப்பையும் அதற்குள்ளேயே இருக்கும் வைஃபை கார்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மெனுப் பெயர்களும் கட்டளைகளும் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கும். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஆண்ட்ராய்டு போனும், டேட்டா போகக்கூடிய யூஎஸ்பி கேபிளும் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிள் உதவாது. வைஃபை செத்த லேப்டாப்புக்கு டிரைவர் இறக்க இணையம் வேண்டும், அந்த இணையம் இந்தக் கேபிள் வழியாகத்தான் வரப்போகிறது. ஐபோனிலும் இதைச் செய்யலாம். ஆனால் விண்டோஸில் அதற்கென்று ஆப்பிள் மென்பொருள் முன்பே இருக்க வேண்டும், இணையம் இல்லாத நேரத்தில் அதைத் தேடி அலைய முடியாது.

போனைக் கேபிளில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் "யூஎஸ்பி டெதரிங்" என்பதை இயக்குங்கள். லேப்டாப் அதை ஒரு கம்பி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் வீட்டு வைஃபையில் இருந்தபடியே அந்த இணையத்தைக் கேபிள் வழியே கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. பழுது பார்க்கத் தொடங்கும் முன்பே இதை ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரை அழித்த பிறகு கேபிள் சரியில்லை என்று தெரிந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது. லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) இயங்கினால், பயாஸ் (விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பக்கம் போவதற்கு முன் அதன் 48 இலக்க ரிகவரி கீ கையில் இருக்கட்டும். பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலோ பயாஸையே புதுப்பித்தாலோ அடுத்த முறை கணினி அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும்.

2. பழுது லேப்டாப்பிலா, ரூட்டரிலா?

இரண்டு நிமிடச் சோதனை இது. இதைத் தாண்டி நேரே டிரைவருக்குப் போகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

முதலில், அதே வைஃபையில் போனை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு புதிய தளத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைக்காமல் பார்த்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. வைஃபையில் இணையம் வராதபோது போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், நீங்கள் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள்.

அடுத்து, இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பட்டையைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் அதைப் பிடிக்காத கார்டு வீடுகளில் கிடையாது.

போன் வீட்டு வைஃபையில் ஓடவில்லையா? லேப்டாப்பை மூடி வையுங்கள். ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், பிறகும் வராவிட்டால் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். போன் ஓடுகிறது, லேப்டாப்பும் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது, வீட்டு வைஃபையில் மட்டும் லேப்டாப் சேரவில்லை என்றால் கார்டும் டிரைவரும் நலம். லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையிலான பேச்சில்தான் சிக்கல். பகுதி 5 முதல் 7 வரை பாருங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால் மட்டுமே பகுதி 3-லிருந்து தொடங்குங்கள்.

3. கார்டு இருக்கிறதா என்று பாருங்கள்

டாஸ்க்பாரின் வலது மூலையில் நெட்வொர்க் சின்னத்தைத் தட்டினால் வைஃபை பட்டனே இல்லையா? அல்லது இருந்தும் மங்கலாகக் கிடக்கிறதா? கீழே உள்ள வரிசையில் போங்கள்.

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவதும் இதுவும் ஒன்றல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் கணினியின் உட்கருவும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் உறைந்து, அடுத்த முறை அப்படியே எழுந்து வரும். கோளாறும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். "நாலு தடவை ஆஃப் பண்ணிப் போட்டேன் அண்ணா" என்று சொல்லும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ரீஸ்டார்ட் கொடுத்தாயா என்றுதான்.

ஏரோப்ளேன் மோடைப் பாருங்கள். பல லேப்டாப்புகளின் மேல்வரிசையில் விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட ஒரு விசை இருக்கும். துடைக்கும்போது கைபட்டாலே போதும். பழைய லேப்டாப்புகளில் விளிம்பில் நகர்த்தும் ஸ்விட்ச்சே உண்டு. அது அணைந்திருந்தால் விண்டோஸுக்குள் எதைச் செய்தாலும் ரேடியோ எழாது.

தேங்கிய மின்சாரத்தை வடியுங்கள். கார்டு திடீரென்று, எந்தக் காரணமும் இல்லாமல், மறைந்துபோனால் இந்தப் படி வியக்கும் அளவுக்கு வேலை செய்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழு ஷட்டவுன் நடக்கும். சார்ஜரைப் பிடுங்குங்கள், செருகியிருக்கும் யூஎஸ்பி எல்லாவற்றையும் எடுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதென்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு போடுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் வைஃபை கார்டுக்குச் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், உறைந்துபோன கார்டு அதனால் உறைந்தபடியே நிற்கும். இந்தப் படி அந்த மின்சாரத்தை வெட்டுகிறது.

இப்போது டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும். "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்பதை விரியுங்கள். பிறகு மேலே வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுங்கள். உங்கள் கார்டின் பெயர் மங்கலாக வந்தால், முன்பு இருந்தது, இப்போது விண்டோஸின் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். அதன் ப்ராப்பர்ட்டீஸில் கோட் 45 இருக்கும். இந்த நிலையில் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, இல்லாத ஆளுக்குச் சட்டை தைக்கிற கதைதான். பயாஸில் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பகுதி 9-க்குப் போங்கள்.

பெயர் தெளிவாக இருந்து, அருகில் கீழ்நோக்கிய சின்ன அம்பு இருந்தால் யாரோ அதை டிசேபிள் செய்திருக்கிறார்கள். கோட் 22 என்று காட்டும். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள், முடிந்தது.

4. டிரைவர்: நிதானமாகத் தொட வேண்டிய இடம்

பெயருக்கு அருகில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, "டிவைஸ் ஸ்டேட்டஸ்" கட்டத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் கார்டைத் தொடங்க முடியவில்லை. டிரைவர் பொருந்தாமல் இருக்கலாம். கோட் 43 என்றால் கார்டே தனக்குக் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இதற்குப் பகுதி 3-ல் சொன்ன மின்சாரம் வடிக்கும் படியை முதலில் செய்து பாருங்கள், பிறகு டிரைவர்.

அடுத்து வருவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் விபத்து. அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுக்கும்போது ஒரு சிறு கட்டம் வரும். விண்டோஸ் 10-ல் "டிலீட் த டிரைவர் சாஃப்ட்வேர்" என்றும், 11-ல் "அட்டெம்ட் டு ரிமூவ் த டிரைவர்" என்றும் இருக்கும். அதில் டிக் போடாமல் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், விண்டோஸ் தன்னிடம் உள்ள அதே டிரைவரைப் புதிதாக ஏற்றும். டிக் போட்டால் டிரைவர் கோப்பே போய்விடும். கையில் மாற்று டிரைவர் இல்லாமல் டிக் போட்டவர்களின் லேப்டாப் கோட் 28-உடன் என் மேஜைக்கு வரும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்.

நேற்றுவரை ஓடியது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் டிரைவர் டேபில் "ரோல் பேக் டிரைவர்" கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. அப்போது "அப்டேட் டிரைவர்", அதற்குள் "ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்", அதற்குள் "லெட் மி பிக்" என்று போனால், கணினியில் ஏற்கெனவே உள்ள வேறு டிரைவர் பதிப்புகள் பட்டியலாக வரும். தேதி பழையதாக உள்ளதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் இணையம் தேவையில்லை.

அதில் சரியாகவில்லை என்றால் புதிய டிரைவர். போனைக் கேபிளில் மாட்டி, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வயர்லெஸ் டிரைவரை இறக்குங்கள். ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கார்டு வந்திருக்கும், தளத்தில் மூன்று டிரைவரும் வரிசையாக நிற்கும். எது உங்களுடையது என்பதை ஊகிக்க வேண்டாம்.

கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் டேபுக்குப் போய், "ஹார்ட்வேர் ஐடீஸ்" தேர்ந்தெடுங்கள். அதில் "வென்" என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இடங்கள் தயாரிப்பாளரின் எண். 8086 என்றால் இன்டெல். அவர்களின் புகழ்பெற்ற பழைய பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 10ஈசி என்றால் ரியல்டெக். 14ஈ4 என்றால் பிராட்காம். 168சி என்றால் ஏதெராஸ், இப்போதைய குவால்காம். 14சி3 என்றால் மீடியாடெக். கார்டு "அன்நோன் டிவைஸ்" என்றோ "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்றோ பெயரில்லாமல் கிடந்தாலும் இந்த எண் இருக்கும். டிரைவர் இல்லாத கார்டையும் அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது.

"எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" ஏற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். பொருந்தாத டிரைவரை ஏற்றிவிட்டு, கூடவே நாலு விளம்பர மென்பொருளையும் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

5. கார்டு ஓடுகிறது, பட்டியல் வரவில்லை

பட்டியலே காலியாக இருந்தால் விண்டோஸின் வயர்லெஸ் சர்வீஸ் நின்றிருக்கலாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, "சர்வீசஸ்.எம்எஸ்சி" என்று கொடுங்கள். "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" என்பதைத் தேடி, அது ரன்னிங் என்று இருக்கிறதா, ஸ்டார்ட்அப் டைப் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். கணினியை வேகமாக்குகிறேன் என்று வரும் சில மென்பொருள்கள் இதை அணைத்துவிடும்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, உங்களுடையது மட்டும் இல்லை என்றால் கதை வேறு. இதற்குக் காரணம் பெரும்பாலும் ரூட்டர் பேசும் பட்டையை உங்கள் கார்டு கேட்காததுதான்.

கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்" என்று தட்டுங்கள். "ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே 802.11 பி, ஜி, என் மட்டும் இருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் கார்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஏ அல்லது ஏசி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும். குறைந்த விலை லேப்டாப்புகள் பலவற்றில் முதல் வகைதான் இருக்கும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் அந்த லேப்டாப்புக்கு உங்கள் வீடு இருப்பதே தெரியாது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள்.

சேனலும் (ஒரு பட்டைக்குள் உள்ள தனித்தனிப் பாதை) ஒரு காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்க முறைப்படி அமைக்கப்பட்ட கார்டுகள் பல 11-க்கு மேல் கேட்பதில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்த லேப்டாப்பில் வைஃபை சில நாள் தெரிந்து சில நாள் மறைந்தால், ரூட்டர் தானாகச் சேனல் மாற்றி 12-க்கோ 13-க்கோ போகிறது என்று சந்தேகப்படுங்கள். ரூட்டரில் 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றைக் கையால் நிலைநிறுத்துங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை என்பதால் பக்கத்து வீட்டு இரைச்சலும் குறையும்.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை ராடார்களும் பயன்படுத்துகின்றன. அந்தச் சேனலில் ரூட்டர் எழும்போது குறைந்தது ஒரு நிமிடம் ராடார் இருக்கிறதா என்று காதுகொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். கரண்ட் போய் வந்த உடனே "5ஜி காணோம்" என்று (5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைச் சொல்லி) பதறுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் சேனலை 36 முதல் 48-க்குள் வையுங்கள்.

புதிய வைஃபை 6 ரூட்டர் மாட்டிய அன்றிலிருந்து பழைய லேப்டாப்புக்கு மட்டும் நெட்வொர்க் தெரியவில்லையா? பழைய டிரைவர்கள் சிலவற்றுக்கு இந்தப் புதிய வகைச் சிக்னலைப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரியாததைப் பட்டியலிலும் காட்டாது. கார்டை மாற்ற வேண்டாம், டிரைவரைப் புதுப்பித்தால் போதும்.

6. பட்டியலில் இருக்கிறது, சேர மறுக்கிறது

முதலில் சேமித்த நெட்வொர்க்கை மறக்கச் செய்யுங்கள். செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், "மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்" என்பதில் உங்கள் பெயரைத் தேர்ந்து ஃபர்கெட் கொடுங்கள். ரூட்டரில் பாஸ்வேர்டோ பாதுகாப்பு முறையோ மாறிய பிறகும் விண்டோஸ் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். அது "கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்" என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

பாஸ்வேர்டைத் தட்டும்போது கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்திப் பார்த்துத் தட்டுங்கள். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் மாதம் ஒருவராவது இதில் விழுகிறார்.

பாஸ்வேர்ட் சரி, இருந்தும் சேரவில்லை என்றால் ரூட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கார்டுகள் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறைக்கு மாற்றுங்கள். கலந்த முறையிலும் சில பழைய டிரைவர்கள் குழம்பும், அப்போது டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வைத்துச் சோதியுங்கள். டிகேஐபி என்ற பழைய முறை எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பும் குறைவு, அதை வைத்துக்கொண்டு வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள கார்டு முகவரிகளை மட்டும் உள்ளே விடும் அமைப்பு) போட்ட ரூட்டர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. விண்டோஸில் "ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்" இயங்கினால், கார்டு தன் உண்மை முகவரியைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டும். ரூட்டரின் பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் கதவு திறக்கும் என்பதால் உங்கள் லேப்டாப் வெளியிலேயே நிற்கும். விடுதிகளில் இது அதிகம். வைஃபை அமைப்பில் அதை அணையுங்கள்.

7. இணைந்துவிட்டது, இணையம் இல்லை

இங்கே வந்துவிட்டால் கார்டுக்கு நன்றி சொல்லிவிட்டு அதை விட்டுவிடலாம். ரேடியோ தன் வேலையை முடித்துவிட்டது. மீதி எல்லாம் முகவரிக் கணக்கு.

கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "ஐபிகான்ஃபிக்" என்று தட்டி, வைஃபை அடாப்டருக்கு நேரே உள்ள ஐபிவி4 முகவரியை (நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்) பாருங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடம் கேட்டும் முகவரி கிடைக்காததால் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். "ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்", அடுத்து "ஐபிகான்ஃபிக் /ரென்யூ" கொடுங்கள். வராவிட்டால் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பத்துப் பேர் இருக்கும் பிஜி விடுதியில், ஆளுக்கு மூன்று சாதனம் என்று வந்துபோனால், ரூட்டர் கொடுக்க வைத்திருக்கும் முகவரிகள் தீர்ந்துபோவதும் உண்டு. பழைய போன்கள் எல்லாம் ஒரு நாள் முழுக்க முகவரியைப் பிடித்து வைத்திருக்கும், புதிதாக வருபவருக்கு மிச்சம் இருக்காது. ரூட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில் எண்ணிக்கையைக் கூட்டலாம், பிடித்துவைக்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

முகவரி 192.168 என்று சரியாகத் தெரிந்தாலும், "டீஃபால்ட் கேட்வே" என்பதும் (ரூட்டரின் முகவரி) அதுவும் முதல் மூன்று எண்களில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வீட்டு ரூட்டர்களில் அவை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அலுவலகத்திலோ லேபிலோ யாரோ கையால் நிலையான ஐபி போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் "ஐபி அசைன்மென்ட்" என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

பிறகு வரிசையாக மூன்று பிங், அதாவது கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "பிங்" என்று தட்டி, இடைவெளி விட்டு முகவரியைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் கேட்வே எண்ணுக்கு. பதில் வந்தால் ரூட்டர்வரை பாதை நன்று. அடுத்து 8.8.8.8 என்பதற்கு. பதில் வந்தால் வெளியுலகம்வரை பாதை நன்று. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) பழுது. டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். கேட்வேக்கே பதில் இல்லாதபோது டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை, அதனால்தான் இந்த வரிசை.

மூன்றுக்கும் பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறது என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகள் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் எதுவும் செல்லாது.

விபிஎன் அல்லது பழைய ஆன்டிவைரஸ் இருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுச் சோதியுங்கள். வெறுமனே நிறுத்துவது போதாது. அவை நெட்வொர்க் பாதைக்குள் தங்கள் வடிகட்டியை நட்டு வைத்திருக்கும், நிரலை மூடினாலும் வடிகட்டி அங்கேயே இருக்கும்.

8. இணைகிறது, பத்து நிமிடத்தில் விழுகிறது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று விண்டோஸுக்கு அனுமதி தரும் டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கப் போன கார்டு சரியாக விழிக்காததுதான் பாதி நேரம் காரணம். சில லேப்டாப்புகளில் அந்த டேப் இருக்காது, அப்படியென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

"நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்" என்று தட்டினால் சிக்னல் சதவீதமும் சேனலும் தெரியும். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் லொக்கேஷன் அனுமதி கேட்கும், கொடுங்கள். லேப்டாப்பை ரூட்டருக்கு அருகில் வைத்து ஒருமுறை, வழக்கமான இடத்தில் ஒருமுறை பாருங்கள். ரூட்டருக்கு ஓரடி தூரத்திலும் சதவீதம் ஏறவில்லை என்றால் ஆன்டெனா வயர் கழன்றிருக்கிறது. திரையையோ கீலையோ சமீபத்தில் மாற்றிய லேப்டாப் என்றால் சந்தேகமே வேண்டாம், வயர்கள் அந்தக் கீல் வழியாகத்தான் திரைக்குப் போகின்றன.

யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும்போது மட்டும் வைஃபை தள்ளாடுகிறதா? அது கற்பனையல்ல. யூஎஸ்பி 3.0-வின் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைமேல் விழுகிறது. இன்டெல்லே 2012-ல் இதைப் பற்றி ஆவணம் வெளியிட்டது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், முடியாவிட்டால் டிஸ்க்கை நீளக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

எப்போது விழுகிறது என்றே பிடிபடவில்லை என்றால், கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்" கொடுங்கள். கடந்த 3 நாளில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று ஒரு பக்கமாக எழுதித் தரும். கடைக்கு எடுத்துப்போவதானால் இந்தப் பக்கத்தையும் கொண்டுபோங்கள்.

9. கார்டைத் திறந்து பார்ப்பதும் மாற்றுவதும்

திறக்கும் முன் நெட்வொர்க் ரீசெட் ஒன்று பாக்கி இருக்கிறது. செட்டிங்ஸில் "அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்" என்பதற்குள் இருக்கும் (விண்டோஸ் 10-ல் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியில்). எல்லா அடாப்டரையும் கழற்றி மறுபடி நிறுவும். சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும், விபிஎன் அமைப்புகளும் போய்விடும், அதனால்தான் இவ்வளவு தள்ளி வைத்தேன். கார்டே தெரியாத கோட் 45 நிலையில் இதைச் செய்து பயனில்லை.

லேப்டாப் வாரண்டியில் இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள்.

இல்லையென்றால் அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பிறகு ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கார்டில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு வயர்கள் சின்னப் பொத்தான் போல மாட்டியிருக்கும். கழற்றும் முன் போட்டோ எடுங்கள். நகத்தால் நேர்மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் பொத்தான் பிய்ந்து வரும். திருகைக் கழற்றினால் கார்டு தானாகச் சாய்வாக எழும். தங்க முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, மறுபடி செருகுங்கள். கடலோர ஊர்களிலிருந்து வரும் லேப்டாப்புகளில் இது ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

கார்டு செத்தேபோனது என்றால் மாற்றுக் கார்டு வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். அளவு: இப்போதைய லேப்டாப்புகளில் எம்.2 2230, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம். பழையவற்றில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் வயர் முனை சற்றுப் பெரிது, இரண்டும் மாறிப் பொருந்தாது. இரண்டாவது, சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டை மட்டுமே ஏற்கும், மற்றதைச் செருகினால் கணினி பூட் ஆகாமலேயே நிற்கும்.

மூன்றாவதில்தான் பணம் வீணாகிறது. இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை பாதிக் கார்டுகள். மீதி வேலை இன்டெல் பிராசசர் பக்கத்தில் நடக்கும், அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில் மட்டுமே ஓடும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுக் கார்டுகள், ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், செருகினால் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஏஎம்டியில் முதல் வகை உயிர்பெறாது. ஒரு மாணவர் இப்படி வாங்கி, அதுவும் பழுது என்று இரண்டாவதையும் அதே வகையில் வாங்கியிருந்தார்.

திறக்கவே தயக்கமாக இருந்தால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கிச் செருகிவிடலாம். சில அடாப்டர்கள் முதலில் ஒரு சிடி டிரைவ் போலத் தோன்றும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சிடிக்குள்தான் டிரைவர் இருக்கும். அதைத் திறந்து நிறுவிய பிறகே அடாப்டர் தன் உண்மை வேடத்துக்கு வரும். பிறகு டிவைஸ் மேனேஜரில் பழைய கார்டை டிசேபிள் செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் சேரப் பார்த்தால், எது விழுந்தது எது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியாது.